தொட்டது ஓரிடம், பட்டது வேறிடம்... ஒரு லேப்டாப்பும் கணக்கு சாரும்!

ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் கும்பகோணத்தை ஒட்டிய அந்த ஊரில் அவருக்கு இன்னமும் ‘கணக்கு சார்’ என்றுதான் பெயர். வயது 67. ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், தினமும் சாயங்காலம் சைக்கிளில் 4 கிலோமீட்டர் போய், பக்கத்துக் கிராமத்துக் கோயில் மண்டபத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காசு வாங்குவதில்லை. அந்தக் கிராமத்திலிருந்து டியூஷனுக்கு டவுனுக்கு வந்தால், திரும்பிப் போக பஸ் கிடையாது.

போன ஆடி மாதம் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. பக்கவாதம். பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். சில வாரங்களில் பேச்சு தெளிவானது. கால் கொஞ்சம் இழுத்தாலும் நடக்க முடிகிறது. வலது கைதான் வரவில்லை. முப்பத்து மூன்று வருடம் சாக்பீஸ் பிடித்த கை அது.

பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கும் மகள், தன்னுடைய பழைய லேப்டாப்பை அப்பாவுக்குக் கொண்டுவந்து தந்தார். 14 இன்ச் டச் ஸ்கிரீன், மடக்கித் திருப்பினால் சிலேட்டு மாதிரி ஆகிவிடும். மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு அது வசதி. இடது கை ஆள்காட்டி விரல் ஒன்று போதும். நோட்டுப் பக்கம் போல கோடு போட்ட தாள் தரும் இலவச செயலி ஒன்று உண்டு. அதில் விரலால் எழுதினால், எழுதுவது வீடியோ கால் வழியாகக் கிராமத்துப் பிள்ளைகளின் போனுக்குப் போகும். பிள்ளைகள் ஐந்து பேர். மார்ச்சில் பொதுத்தேர்வு.

அந்த லேப்டாப்பின் பிராசஸர் பழசு, விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் மகள் அதில் லினக்ஸ் மின்ட் போட்டிருந்தார். லினக்ஸ் என்றதும் பலர் பயப்படுவார்கள். சாரின் மனைவிக்கு அந்தப் பயம்கூட இல்லை. “நம்ம எதிர்வீட்டுப் பையனுக்கு கவர்மென்ட் குடுத்த லேப்டாப்புல இருந்துச்சே, அந்த மாதிரியா?” என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாதிப் பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை.

லினக்ஸில் டச் முதல் நாளிலிருந்தே நன்றாக வேலை செய்தது. சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது.

கண்ணாடி மாறியது, கணக்கும் மாறியது

டிசம்பரில் லேப்டாப் கட்டிலிலிருந்து விழுந்து, மேல் கண்ணாடி சிலந்தி வலை போல விரிசல் விட்டது. படம் தெரிகிறது, தொட்டால் கேட்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு கடையில் கண்ணாடி மாற்றினார்கள். “ஒரிஜினல் வராது சார், இது கம்பேட்டிபிள்” என்றார்கள். வீட்டுக்கு வந்து சார் முதல் வரி எழுதினார். விரல் ஓரிடத்தில் இருக்க, கோடு வேறிடத்தில் விழுந்தது. எக்ஸ் போட்டால் அது முந்தைய எழுத்தின் தலைமீது போய் உட்கார்ந்தது. ஃபைலை மூடத் தொட்டால் பக்கத்தில் இருப்பது திறந்தது.

கடைக்கு போன் செய்தால், “விண்டோஸ் போட்டா சரியாயிடும்” என்ற ஒரே பதில். சார் போனை வைத்துவிட்டு, “விடும்மா, பசங்க வேற யாருகிட்டயாவது படிச்சுக்கட்டும்” என்று மனைவியிடம் சொன்னார். மூன்று நாள் லேப்டாப் பீரோவுக்கு மேலே இருந்தது. அந்த மூன்று நாளும் மாலை ஆறு மணிக்கு போன் அடித்தது. எடுத்தது அவர் மனைவிதான். “சாருக்கு உடம்பு அசதிப்பா” என்று சொல்லிச் சமாளித்தார்.

இந்த இடத்தில் டச் ஸ்கிரீன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். படம் காட்டும் திரை வேறு, தொடுகையை உணரும் கண்ணாடி வேறு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியிருப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன. பழைய டச் ஸ்கிரீன்கள் சிலவற்றில் இரண்டு மெல்லிய படலங்கள் இருக்கும். அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டும், ஒட்டிய இடத்தின் மின்தடையை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும். நாள்பட அந்த அளவு நகர்ந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்துக் கையடக்கக் கருவிகள் அவ்வப்போது கூட்டல் குறி காட்டி ‘இங்கே தொடு’ என்று கேட்டன. இப்போதைய போன், லேப்டாப் கண்ணாடிகள் அந்த வகை இல்லை. கண்ணுக்குத் தெரியாத மின்வலை ஒன்று கண்ணாடிக்கு அடியில் ஓடுகிறது. விரல் அருகில் வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்கு அளவு மாறுகிறது. உள்ளே இருக்கும் சிப் அதைக் கவனித்து இடத்தைச் சொல்கிறது. பொதுவாக இதற்கு அளவு திருத்தமே தேவைப்படாது. கண்ணாடி மாறினாலோ, திரை திரும்பினாலோ, இன்னொரு திரை சேர்ந்தாலோதான் வம்பு.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. இங்கிலாந்தில் மால்வெர்னில் இருந்த ராயல் ரேடார் ஆய்வு நிலையத்தின் ஈ.ஏ.ஜான்சன், விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி 1965-லேயே எழுதிவிட்டார்.

பொட்டு ஒட்டிய திரை

நான்காவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் வீடியோ காலில் வந்தார். “அப்பா, தப்பு எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருக்கா, இல்ல இடத்துக்கு இடம் மாறுதா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பாவைத் தெரிந்த மகள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு சார் லேப்டாப்பை பீரோ மேலே வைத்திருக்கவில்லை.

திரையின் அகலம் 31 செ.மீ., உயரம் 17.4 செ.மீ. மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து இருப்பதிலேயே சின்னதாக நான்கு பொட்டு எடுத்து, எல்லா ஓரங்களிலிருந்தும் பத்தில் ஒரு பங்கு தள்ளி, நான்கு மூலையிலும் ஒட்டச் சொன்னார். ஸ்கேல் பிடித்து ஒட்டியது அவர் மனைவி. பிறகு சார் ஒவ்வொரு பொட்டையும் ஐந்து முறை தொட்டார். இடது கைப் பழக்கம் இல்லாததால் விரல் ஒரே இடத்தில் படாது. அதனால்தான் ஐந்து முறை. ஐந்துக்கும் சராசரி. எங்கே புள்ளி விழுந்தது என்பதை மனைவி அளந்து சொல்ல, சாரே இடது கையால் கோணல்மாணலாக நோட்டில் எழுதினார்.

இடது பக்கப் பொட்டு 3.1 செ.மீ.-ல் இருக்கிறது, புள்ளி விழுந்தது 2.5-ல். வலது பக்கப் பொட்டு 27.9-ல், புள்ளி விழுந்தது 24.8-ல். இடது ஓரத்தில் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் தப்பு, வலது ஓரத்தில் மூன்று சென்டிமீட்டர். மேலிருந்து கீழே போகும்போதும் இதே போல் தப்பு வளர்ந்துகொண்டே போனது.

“நகரல, சுருங்கியிருக்கு” என்றார் சார்.

அதற்கு மேல் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அகலத்தை 1 என்று வைத்துக்கொண்டால், கண்ணாடி 0.08 என்று சொல்லும்போது உண்மையான இடம் 0.10. அது 0.80 என்று சொல்லும்போது உண்மை 0.90. இரண்டு புள்ளி தெரிந்தால் நேர்கோட்டின் சமன்பாடு தெரிந்துவிடும், பத்தாம் வகுப்புக் கணக்கு. 0.80-ஐ 0.72-ஆல் வகுத்தால் 1.1111. அதுதான் பெருக்க வேண்டிய எண். அதற்குப் பிறகும் 0.0111 மிச்சம், அதைக் கூட்ட வேண்டும். உயரத்துக்குப் பெருக்கும் எண் அதே 1.1111, கூட்ட வேண்டியது எதுவும் இல்லை. “15.6 இன்ச் கண்ணாடியோட சிப்ப 14 இன்ச்சுல மாட்டியிருப்பான். வகுத்துப் பாரு, கிட்டத்தட்ட இதே விகிதம் வருது” என்று ஊகமும் சொன்னார். கடைக்காரரைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. விடை ஒத்துவந்த சந்தோஷம்தான் இருந்தது.

லினக்ஸ் இந்தத் திருத்தத்தை ஒன்பது எண்களாகக் கேட்கும். மூன்று வரிசை, மூன்று நிரல். பாடப்புத்தகத்தில் இதன் பெயர் அணி, பிள்ளைகள் மேட்ரிக்ஸ் என்பார்கள். முதல் வரிசை கிடைமட்டத்துக்கு, இரண்டாவது வரிசை செங்குத்துக்கு, மூன்றாவது வரிசை எப்போதும் 0 0 1. எந்தத் திருத்தமும் வேண்டாம் என்றால் 1 0 0 0 1 0 0 0 1, அதாவது அலகு அணி. திரையைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், படம் நேராகத் தெரிகிறது, தொடுகை மட்டும் தலைகீழாகவே இருக்கிறது என்றால் -1 0 1 0 -1 1 0 0 1. மடக்கும் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கூட்டல் குறி காட்டித் தொடச் சொல்லி, தானே கணக்குப் போடும் எக்ஸ்இன்புட் கேலிபரேட்டர் என்ற சின்ன புரோகிராமும் லினக்ஸில் உண்டு. மகள் அதையும் ஓட்டிப் பார்த்தார். அது கொடுத்த நான்கு எண்கள் பழைய டிரைவருக்கானவை, இப்போதைய லிப்இன்புட் டிரைவர் கேட்பது ஒன்பது எண். “உங்க நோட்டே போதும்பா” என்று அதை மூடிவிட்டார். சார் சொல்லச் சொல்ல, பெங்களூரிலிருந்தபடியே டெர்மினலில் எக்ஸ்இன்புட் கட்டளையை அடித்தார்:

1.1111 0 0.0111 0 1.1111 0 0 0 1

சார் வலது மேல் மூலைப் பொட்டைத் தொட்டார். புள்ளி, பொட்டுக்கு அடியில் விழுந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு வந்த போனை எடுத்தது சார்.

மைக்கை அணைத்த தொகையீட்டுக் குறி

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளைகளின் நோட்டைச் சின்னத் திரையில் பார்க்க முடியவில்லை என்று, இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுப் பையனை வைத்து டிவியை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தார்கள். லேப்டாப்பில் எழுதும் பக்கம், அதை அடுத்து டிவியில் வீடியோ கால். சார் எழுத ஆரம்பித்தார். தொகையீட்டுக் குறியை மேலிருந்து கீழே நீளமாக இழுத்ததும், டிவியில் ஒரு பையனின் மைக் அணைந்தது. அடுத்த கோட்டில் மொத்த காலும் துண்டானது.

லினக்ஸுக்கு இரண்டு திரையும் சேர்ந்து ஒரே பெரிய திரை. லேப்டாப் 1366 புள்ளி அகலம், டிவி 1920, மொத்தம் 3286. கண்ணாடியோ ஒன்றுதான். சொல்லி வைக்காவிட்டால், அந்த ஒரு கண்ணாடியை மொத்த 3286 மேலேயும் இழுத்து விரித்துவிடும். லேப்டாப்பின் நடுவில் தொட்டால் அது 1643-வது புள்ளி, அதாவது டிவிக்குள் போய்விடுகிறது.

இதற்கு ஒரு சுலபமான கட்டளை இருக்கிறது. எக்ஸ்இன்புட்டில் ‘மேப்-டு-அவுட்புட்’ என்று கொடுத்து லேப்டாப் திரையின் பெயரைச் சொன்னால், தொடுகை அந்தத் திரைக்குள் மட்டும் நிற்கும். மகள் அதைக் கொடுத்தார். தொடுகை டிவியை விட்டு வந்துவிட்டது. ஆனால் பழைய மூன்று சென்டிமீட்டர் தப்பும் திரும்பி வந்துவிட்டது!

காரணம் எளிது, கண்டுபிடிக்கத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது. அந்தக் கட்டளையும் ஓர் அணியைத்தான் எழுதுகிறது. அவர்கள் தங்கள் ஒன்பது எண்களை வைத்திருந்த அதே பெட்டியில், அவற்றை அழித்துவிட்டு எழுதுகிறது.

“அப்ப ரெண்டையும் பெருக்கி ஒண்ணாப் போட்டா?” என்று கேட்டார் சார்.

டிவிக்கான அணி சுலபம். 1366-ஐ 3286-ஆல் வகுத்தால் 0.4157. உயரத்துக்கு 768-ஐ 1080-ஆல் வகுத்தால் 0.7111. இதையும் கண்ணாடியின் அணியையும் பெருக்க வேண்டும். எதை முதலில்? இதைத்தான் பதினோராம் வகுப்பில் வருடா வருடம் போர்டில் எழுதிக் கத்தினார், ஏபியும் பிஏயும் ஒன்றல்ல என்று. முதலில் கண்ணாடியின் தப்பைத் திருத்த வேண்டும், பிறகுதான் திரைக்குள் சுருக்க வேண்டும். முதலில் நடப்பது வலது பக்கம் வரும். அப்படிப் பெருக்கினால் கடைசியில் கூட்டும் எண் 0.0046. மாற்றிப் பெருக்கினால் 0.0111. எண்ணில் சின்ன வித்தியாசம், 3286 புள்ளியில் அது 21 புள்ளி. அந்தத் திரையில் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர். எழுதுபவருக்கு அது ஓர் எழுத்தின் அகலம்.

மகள் வேண்டுமென்றே இரண்டையும் போட்டுக் காட்டினார். ஐந்து பிள்ளைகளும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் எழுதிய ‘ஏ’ ஒருமுறை கோட்டை விட்டு ஒதுங்கி நின்றது, மறுமுறை கோட்டில் வந்து நின்றது. “சார், இது எதுக்கு சார் படிக்கிறோம்?” என்று அணிப் பாடத்தின்போது கேட்காத வகுப்பே கிடையாது என்பார் அவர். அன்று யாரும் கேட்கவில்லை. ஒரு பெண் மட்டும், “சார், இதையே பரீட்சைக்குக் கேப்பாங்களா?” என்றாள். அவள் கவலை அவளுக்கு.

0.4619 0 0.0046 0 0.7901 0 0 0 1. இந்த வரி மூன்று நாள் ஓடியது. லேப்டாப்பை அணைத்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். டிவி கேபிளைக் கழற்றினால் பழைய வரி, மாட்டினால் புது வரி.

நான்காவது நாள் மகளுக்கு வேறு வழி கிடைத்தது. லிப்இன்புட்டில் கண்ணாடியின் திருத்தத்துக்கென்றே தனிப் பெட்டி ஒன்று இருக்கிறது. கண்ணாடியின் முதல் ஆறு எண்களை யுடெவ் விதியாக ஒரே வரிக் கோப்பில் எழுதி வைத்துவிட்டால், லேப்டாப் ஏறும்போதே அது வந்துவிடும். டிவியைச் சேர்த்தால் ‘மேப்-டு-அவுட்புட்’ தன் பெட்டியில் தன் வேலையைப் பார்க்கும், இதைத் தொடாது. பெருக்கலை சிஸ்டமே செய்துகொள்ளும், சரியான வரிசையில். வேலேண்ட் முறையில் ஓடும் புதிய லினக்ஸ்களில் எக்ஸ்இன்புட் கட்டளைகள் செல்லாது, ஆனால் இந்த ஒரு வரிக் கோப்பு அங்கேயும் செல்லும். நிரந்தரத் தீர்வு தேடுபவர்கள் நேராக இதற்கே வந்துவிடுவது நல்லது.

சாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். “அப்ப நான் பெருக்கினது வேஸ்டா?” என்றார். “அது உள்ள நடக்குதுப்பா, யாராவது பெருக்கித்தானே ஆகணும்” என்றார் மகள். சார் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

இப்போது திரை சரியாக இருக்கிறது, முழுக்க அல்ல. இடது ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் பட்டை மட்டும் தொட்டால் கேட்பதில்லை. அந்த இடத்துக்கான எண்ணைக் கண்ணாடி சொல்வதே இல்லை, எந்த அணியைப் போட்டாலும் அது வராது. சார் மார்ஜின் விட்டு எழுதிக்கொள்கிறார். மாலை ஆறிலிருந்து ஏழரை வரை வகுப்பு. மண்டபத்தில் நின்றுகொண்டு இரண்டு மணி நேரம் எடுத்தவருக்கு இப்போது ஒன்றரை மணிக்கே தோள் வலி வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கடைசிக் கணக்கைப் பிள்ளைகளில் ஒருவர் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

மூன்று பொட்டுகளை எடுத்துவிட்டார்கள். வலது கீழ் மூலையில் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிசியோதெரபி பயிற்சி முடிந்ததும் இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து, வலது ஆள்காட்டி விரலால் அந்தப் பொட்டை ஐந்து முறை தொடுகிறார். ஐந்து புள்ளிகளில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று மனைவி ஸ்கேல் வைத்துச் சொல்கிறார். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைக்கிறார்கள். முதல் ஞாயிறு 6.2 செ.மீ. அடுத்தது 6.5. போன ஞாயிறு 4.8.